பாலத்தில் நின்ற நீலக் கட்டைகள்

உங்கள் கையில் ஒரு சாவுச் செய்தி இருக்கிறது, செத்தவரின் தம்பி உங்கள் முன்னால் நிற்கிறார் என்று வையுங்கள். என்ன சொல்வீர்கள்? பொய் சொல்லாமல் யோசியுங்கள். "ஆள் முடிஞ்சுது" என்று நேரே சொல்லிவிடுவீர்களா? மாட்டீர்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. "கொஞ்சம் கடுமையாம், எதுக்கும் ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்பார்கள். கேட்கிறவர் அந்தக் "கடுமை"யைக் கேட்டதும் விளங்கிக்கொண்டு பேசாமல் சட்டையை மாற்றுவார். சொல்லாமல் சொல்வதும் கேட்காமல் கேட்பதும் எங்களுக்குள் இருக்கிற ஒரு ஒப்பந்தம். பெரும்பாலும் வேலை செய்யும்.

எங்கள் வீட்டில் வேலை செய்யவில்லை.

அப்போது எங்கள் வீடு ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், நான்காம் மாடியில். லிப்ட் இல்லை. அம்மாவின் இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, யாரோ ஒருவருடைய காலணிகளைப் பார்த்தபடி மூச்சு வாங்குவார். போன இலையுதிர் காலத்தில் இரண்டு தெரு தள்ளிக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு வந்தது. நல்ல வீடு, சின்னத் தோட்டத் துண்டும் உண்டு. புது வருடத்துக்கு முன்னால் பதில் வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா சொன்ன ஒரே பதில், "பாப்பம்."

அந்தப் "பாப்பம்" ஏன் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பெரியப்பாதான் காரணம்.

எங்கள் வரவேற்பறையில் படங்களுக்கு இரண்டு சுவர். ஒன்று செத்தவர்களின் சுவர். மாலை, சின்னச் சிவப்பு மின்விளக்கு, விபூதி. எதிர்ச் சுவர் இருப்பவர்களுக்கு. கல்யாணப் படங்கள், என் பள்ளிக்கூடப் படங்கள், முன்பல் இல்லாமல் நான் இளிக்கிற ஒரு அசிங்கம். பெரியப்பாவின் படம் இருப்பவர்களின் சுவரில் இருந்தது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான். இருபத்தாறு வயது, ஒரு பக்கம் சாய்ந்த மீசை. நான் இப்போது அவரைவிட இரண்டு வயதுதான் இளையவள். படத்தில் உள்ளவருக்கு வயது ஏறுவதில்லை என்பது சின்ன வயதில் எனக்குப் பெரிய பயம். மற்ற எல்லாருடைய படமும் மாறும், அவர் மட்டும் அதே சட்டையோடு பார்த்துக்கொண்டே இருப்பார்.

நடந்தது இதுதான். சண்டையால் ஊர் முழுக்க இடம்பெயர்ந்த நேரம். பெரியப்பா ஒரு பழைய வான் வண்டியில் காயப்பட்டவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். கடைசித் தடவை போகும்போது அப்பாவை ஒரு சந்தியில் இறக்கிவிட்டு, "இந்த இடத்தை விட்டு அசையாதை. ஆள் அனுப்புறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆள் வந்தது. சைக்கிளில் ஒரு பெடியன் வந்து, "அண்ணைக்குக் கொஞ்சம் கடுமையாம். நீங்கள் எதுக்கும் நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. அப்பா நின்றார். சனமெல்லாம் அவரைத் தாண்டிப் போனது. கடைசியில் தெரியாத ஒரு குடும்பம் அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

ஒப்பந்தப்படி அப்பா அதை விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவர் விளங்க மறுத்துவிட்டார். கடுமை என்றால் கடுமைதான். கடுமையான ஆள் சுகமாகி வரலாம். ஜெர்மனிக்கு வந்து அந்த வீடு கிடைத்ததும் ஊருக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் விலாசத்தைச் சொல்லி அனுப்பினார். பெரியப்பா தேடி வந்தால் அங்கேதானே வருவார். கீழே அழைப்பு மணியில் இருந்தது அப்பப்பாவின் பெயர், அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுவான பெயர். மணி அடித்தால் யார் என்று அப்பா கேட்கவே மாட்டார். கதவைத் திறந்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் தானே இறங்கிப் போவார். அநேகமாகப் பார்சல்காரன். திரும்பி ஏறிவரும்போது பார்சலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் அவருடைய முகத்தை நான் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு நான் ஹனோவர் பல்கலைக்கழகத்துக்குப் போய் வரலாறு படிக்கிறேன். அதிலும் என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்யப் படை, அதாவது அன்றைய ஜெர்மன் படை, போர்க்களத்தில் எப்படி ஆளப்பட்டது என்பது. அம்மாவுக்கு அது தீராத வருத்தம். "நாங்கள் சண்டையிலயிருந்து ஓடி வந்தனாங்கள். இவ திரும்பவும் அதுக்குள்ளை போறா, மாணவர் ரயில் டிக்கெட்டோடை" என்று தொலைபேசியில் எல்லாருக்கும் சொல்வார்.

ஆனால் விஷயம் சும்மா இல்லை. அந்தக் காலத்துப் படை என்றால் நிறையப் பேர் ஓடிப்போய்ச் சுடுவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கிடையாது. அது ஒரு அடுக்கு. மேலே ஜெனரல், அவருக்குக் கீழே டிவிஷன், பிறகு பிரிகேட், ரெஜிமென்ட், பட்டாலியன், கடைசியில் கொம்பனி. கட்டளை ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். அடியில் தொண்டையும் மேளமும் ஊதுகொம்பும் போதும். மேல் படிகளுக்கு இடையில் மைல்கணக்கில் வயலும் காடும். அங்கே கட்டளையைக் காவுவது குதிரையில் போகிற ஒரு இளம் அதிகாரி. அட்ஜுடன்ட் என்பார்கள். துப்பாக்கிப் புகைக்குள் ஜெனரலுக்கு ஒரு மண்ணும் தெரியாது. யாரோ வந்து சொல்வதுதான் அவருடைய போர்க்களம். அதனால் செய்தி சொல்வதற்குச் சட்டம் வைத்திருந்தார்கள்: நீயே கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது, நீயாக நினைப்பது எது, மூன்றையும் கலக்காமல் பிரித்துச் சொல். முதல் தடவை இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்களிடம் இந்தச் சட்டத்தைக் கொடுத்தால் பாதிக் கதை வாயிலேயே நின்றுவிடும்.

அந்தக் காலத்து அதிகாரிகள் இதைப் பழக ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். பெரிய வரைபடம், அதன்மேல் சிவப்பும் நீலமுமாகச் சின்னக் கட்டைகள். ஒவ்வொரு தளபதியும் தனி அறையில் இருப்பார். நடுவரிடம் மட்டும்தான் முழு வரைபடமும் இருக்கும். நீங்கள் கொடுக்கிற கட்டளையை நடுவர் உடனே அனுப்ப மாட்டார். குதிரை போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் பிடித்து வைப்பார். வழியில் குதிரைக்காரன் செத்தால் கட்டளையும் செத்தது. ஹனோவரில் நாங்கள் கொஞ்சப் பேர் இதைத் தேவாலய மண்டபம் ஒன்றில் விளையாடுவோம். நடுவர் ஒரு ஜெர்மன் அம்மா, நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வரைபடங்களை அவரே கையால் வரைவார். நீலப் பக்க ஜெனரல் என்னோடு படிக்கிற ஒருத்தன். தன்னைப் பெரிய ஆளாக நினைப்பவன், நான் சொல்லக்கூடாது, நானும் அப்படித்தான்.

போன டிசம்பரில் ஒரு விளையாட்டு நாள். அன்றைக்கே அப்பா என்னை நத்தார் விடுமுறைக்குக் கூட்டிக்கொண்டு போக ஹனோவருக்கு வந்தார். அம்மா கொடுத்துவிட்ட ஒரு பெட்டி பலகாரத்தோடு மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். உடனே எல்லாரும் பெட்டியைச் சுற்றினார்கள். முட்டை வைத்துச் சுருட்டிப் பொரித்ததைக் கடித்தபடி அந்த ஜெனரல் இதற்கு என்ன பெயர் என்று கேட்டான். மிதிவெடி, கண்ணிவெடிக்கு எங்கள் ஊர்ப் பெயர். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு ஜெர்மனில் அதை அப்படியே சொன்னார். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"சாப்பிடச் சொல்லு பிள்ளை, இது வெடிக்காது" என்றார் அப்பா.

நீலப் பக்கத்தில் இடது பிரிகேட்டுக்கு ஆள் வரவில்லை. காய்ச்சலாம். நடுவர் அப்பாவைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "உங்கள் தந்தை இருப்பாரா? பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பாலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்."

அப்பா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் குளிர் ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, "எங்கை நிக்கிறது?" என்று கேட்டார்.

அவருக்குக் கிடைத்தது சிறுவர் வகுப்பு நடக்கிற அறை. சின்னக் கதிரைகள், சுவரில் பிள்ளைகள் ஒட்டிய கடதாசி நட்சத்திரங்கள், வாகனத் தரிப்பிடத்தைப் பார்க்கிற ஒரு யன்னல். மேசையில் அவருடைய துண்டு வரைபடம், ஆறு, பாலம், ஒரு மாவு ஆலை, நீலக் கட்டைகள். நான் விதிகளை விளக்கினேன்.

"ஒரு கட்டைக்குள்ளை எத்தினை பேர்?"

"அரைப் பட்டாலியன். ஐந்நூறு பேர் மட்டில."

அவர் கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பி வைத்தார். "இவ்வளவு பேருக்கும் சாப்பாடு ஆர் கொண்டு வாறது?"

"அப்பா, இது அரை நாள் விளையாட்டு."

"சண்டையும் அரை நாளிலை முடிஞ்சிடும் எண்டுதான் சொன்னவை."

நான் அன்று அட்ஜுடன்ட். என் வேலை ஜெனரலின் கட்டளையை வாங்கி, நடுவர் விடும்போது அந்தந்த அறைக்குள் போய்ச் சொல்வது. அப்பாவுக்கு நான் தமிழிலேயே சொல்லலாம் என்று நடுவர் அனுமதித்தார். "எந்த மொழியிலும் சொல்லுங்கள். ஆனால் முழுதாகச் சொல்லுங்கள்" என்று விரலை நீட்டிச் சொன்னார்.

முதல் மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு வலது பக்கத்தில் எல்லாம் உடைந்தது. சிவப்பு ஒரு காட்டுக்குள்ளால் வந்து எங்கள் வலது பிரிகேட்டை அப்படியே விழுங்கிவிட்டது. நடுவர் அந்தக் கட்டைகளை ஒன்றொன்றாக எடுத்து ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டார். ஒவ்வொன்றும் விழும்போது 'டங்' என்று சத்தம். எங்கள் ஜெனரல் முகம் வெளுத்து, இடது பிரிகேட்டுக்கு ஒரு கட்டளை சொன்னான்: வலது பிரிகேட் அழிந்துவிட்டது. எதிரி மாவு ஆலையை நெருங்கிவிட்டான். உடனே பாலத்தைக் கடந்து பின்வாங்கு.

நடுவர் குதிரைக்குரிய நேரத்தைப் பிடித்துவிட்டு என்னை விட்டார். நான் அறைக் கதவைத் திறந்தேன்.

அப்பா வரைபடத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நெஞ்சுவரை உயர்ந்திருக்க, இரண்டு கையையும் தொடையில் வைத்தபடி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நுழைந்ததும் எழுந்து நின்றார். விளையாட்டில் யாரும் எழுந்து நிற்பதில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அந்த மங்கலுக்குள் அவர் ஐம்பத்தைந்து வயது ஆள் மாதிரி இல்லை. சந்தியில் நிற்கிற யாரோ ஒருவர் மாதிரி இருந்தார்.

மூன்று வசனம். எனக்குப் பாடம். வாயைத் திறந்தேன்.

"அப்பா, வலது பக்கம் கொஞ்சம் கடுமையாம்."

"ம்."

"நீங்கள் எதுக்கும் பின்பக்கமும் ஒரு கண் வைச்சுக்கொள்ளுங்கோ."

"அப்ப நான் நிக்கிறதோ, வாறதோ?"

"எதுக்கும் பாத்துச் செய்யுங்கோ."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் கதிரையில் இருந்தார். நான் கதவைச் சாத்தினேன். நடைபாதையில் வரும்போதே என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. ஆனால் ஒரு அறைக்குள் போய் வந்த அட்ஜுடன்ட் திரும்பப் போக முடியாது. குதிரை இன்னொரு தரம் அவ்வளவு தூரமும் ஓட வேண்டும். நடுவரிடம் கெஞ்சினேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டி மறுத்தார். அதற்குள் சிவப்பு ஆலைக்கு வந்துவிட்டது.

அப்பா கடைசிக் கட்டை வரைக்கும் நின்றார். தகரத்துக்குள் டங், டங் என்று விழுந்துகொண்டே இருந்தது.

விளையாட்டு முடிந்தால் எல்லாரும் பெரிய வரைபடத்தைச் சுற்றி இருந்து பிழைகளைப் பேசுவோம். அதுதான் முக்கிய பகுதி. நடுவர் அப்பாவிடம் மரியாதையாகக் கேட்டார்: "பின்வாங்கும் கட்டளை உங்களுக்கு நேரத்தோடு வந்தது. ஏன் நின்றீர்கள்?"

"என்ன கட்டளை?" என்றார் அப்பா ஜெர்மனில்.

ஜெனரல் தான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னான். அழிந்துவிட்டது. உடனே. பின்வாங்கு. அப்பா முழுதாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உதைத்தானோ உன்னட்டைச் சொல்லி விட்டவை?"

"ஓம்."

"பின்னை ஏன் கடுமை எண்டு சொன்னனி?"

"உங்களுக்கு ஒருமாதிரி இருக்குமெண்டு."

"மரக்கட்டைக்கோ?"

மற்றவர்களுக்குத் தமிழ் விளங்காது. நடுவர் மெல்லச் சொன்னார், கட்டளை வராவிட்டாலும் நிலைமை கெட்டால் ஒரு தளபதி தானாகவே முடிவெடுத்துப் பின்வாங்கலாம், அதற்கு அந்தப் படையில் முழு உரிமை உண்டு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று. நான் அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல் விடாமல்.

"அப்பிடியோ" என்றார். போகும்போது தகரத்தைத் திறந்து உள்ளே ஒருக்கால் பார்த்துவிட்டு மூடினார்.

ஏ-இரண்டு நெடுஞ்சாலையில் மழை. லொறிகள் தெறித்த தண்ணீரில் முன்கண்ணாடி வெள்ளையாகி வெள்ளையாகித் தெளிந்தது. நானாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"உனக்கு நான் ஏசேல்லை" என்றார். "நீ சொல்லேக்கை என்னைப் பாக்கேல்லை. யன்னலைப் பாத்தனி."

"தெரியேல்லை அப்பா."

"நான் கண்டனான். அண்டைக்கு வந்தவனும் என்னைப் பாக்கேல்லை. சைக்கிள் ஹாண்டிலைப் பாத்துக்கொண்டுதான் சொன்னவன். நான் இவ்வளவு காலமும் என்ன நினைச்சனான் எண்டால், அவனுக்கும் ஆரோ சொல்லிவிட்டவை, அவன் பாவம் அரைகுறையாக் கேட்டுக்கொண்டு வந்தவன் எண்டு." துடைப்பான் இரண்டு மூன்று தரம் போய் வந்தது. "அவன் கேட்டவன் இல்லை. கண்டவன்."

முன்னால் போன லொறிக்கு இடம் விட்டு அப்பா வேகத்தைக் குறைத்தார்.

"அவன் இடுப்பிலை கட்டியிருந்த சாரத்திலை ஈரம் இருந்தது. மழை இல்லை அண்டைக்கு."

அந்த ஈரத்தைப் பற்றி அப்பா அதற்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை. முப்பது வருடம் அதைத் தனியாக வைத்திருந்திருக்கிறார், என்னவென்று பெயர் வைக்காமல்.

ஓய்வுத் தரிப்பிடம் ஒன்றில் காரை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. பக்கத்தில் லொறி டிரைவர் ஒருவர் கூடாரம் மாதிரிப் பிடித்த ஜாக்கெட்டுக்குக் கீழே சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நீ சொல்லு. பெரியப்பா இருக்கிறாரோ?"

"அப்பா..."

"அங்கை என்ன சொல்லோணும் எண்டு இருந்ததோ அப்பிடிச் சொல்லு. என்னைப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். ஒரு சாவுச் செய்தியை நேரே சொல்வது எப்படியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யன்னல் என்னை இழுத்தது, உண்மையாகவே இழுத்தது.

"இல்லை அப்பா. பெரியப்பா செத்திட்டார். அண்டைக்கே செத்திட்டார்."

"நீ கண்டனியோ?"

"இல்லை. கேக்கவும் இல்லை. நான் நினைக்கிறன்."

"ம்" என்றார். "நானும்."

அதோடு கியரைப் போட்டார். வானொலியில் போக்குவரத்துச் செய்தி ஓடியது. அது அடுத்த நிகழ்ச்சிக்கு மாறியபிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. நான் பின்கண்ணாடியை இரண்டு மூன்று தடவை பார்த்தேன், ஏனென்று கேட்காதீர்கள். பின் இருக்கையில் என் பையும் காலிப் பலகாரப் பெட்டியும்தான் இருந்தன. ஆனால் யாரோ சந்தியில் இருந்து ஏறிக்கொண்ட மாதிரி கார் பாரமாக இருந்தது.

வீட்டில் அம்மா கதவைத் திறந்தார். அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்: "அந்த வீட்டுக்காரனுக்கு ஓம் எண்டு சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "என்ன நடந்தது?" என்று அம்மா கேட்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய்த் தேத்தண்ணிக்கு வைத்தார். கேத்தல் கொதித்து அணைந்த பிறகும் அங்கேயே நின்றார்.

மாசியில் வீடு மாறினோம். கடைசிப் பெட்டியும் இறங்கிய பிறகு அப்பா கீழே அழைப்பு மணிக்கு முன்னால் நின்று, பெயர்த் துண்டை நகத்தால் கிளப்பி எடுத்துப் பைக்குள் போட்டார். மணியை ஒருக்கால் அழுத்தினார். நான்காம் மாடியில், காலி வீட்டுக்குள், அது அடித்தது கீழே வரைக்கும் கேட்டது. யாரும் இறங்கி வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனோம்.

புது வீட்டில் படங்களை மாட்டியது அப்பா. முதலில் இருப்பவர்களின் சுவர், பிறகு மற்றச் சுவர். அம்மா தமிழ்க் கடையில் ஒரு புது மாலை வாங்கி, உறையைப் பிரிக்காமல் மேசையில் வைத்திருக்கிறார். நேற்றுத்தான் நான் ஹனோவரில் இருந்து வந்தேன், இந்தக் கதையை அந்த மேசையில் இருந்துதான் அடிக்கிறேன். சற்று முன் கதவு மணி அடித்தது. அப்பா வெறுங்காலோடு போய்த் திறந்தார், இப்போது படி இல்லை, நாலு எட்டு. பார்சல்காரன் கையெழுத்துக் கேட்கிறான்.

பெரியப்பாவின் படம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் சாய்ந்து நிற்கிறது. எந்தச் சுவரிலும் அதற்கு ஆணி இன்னும் அடிக்கவில்லை.